அடியில் பெயர் இல்லாத வரிகள்

நீங்கள் அனுப்பிய பட்டியல் வந்து சேர்ந்தது. அடுத்த வருடத் தினசரி காலண்டருக்கு, நாளுக்கு ஒன்றாக முந்நூற்று அறுபத்தைந்து வரிகள். மேலே ஒரு குறிப்பு: "சார், ஒரு பார்வை பார்த்துக் கொடுங்கள். பொன்மொழியும் பழமொழியும் கலந்து போட்டிருக்கிறோம். எல்லாம் ஒன்றுதானே!" அந்தக் கடைசி இரண்டு சொற்களைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஃபோர்ட் கொச்சித் துறை வரை நடந்தேன். வைப்பினுக்குப் படகு ஏறினேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. அதே படகில் திரும்பி வந்தேன். "உங்களுக்கு என்னதான் ஆச்சு?" என்று வீட்டில் கேட்டார்கள். ஆனது நாற்பது வருடத்துக்கு முன்னால். அதை இப்போது எப்படி விளக்குவது என்று தெரியாமல், பேனாவை எடுத்து உங்களுக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் ஒரு பழமொழிகூட எழுதமாட்டேன். நீங்கள் எதிர்பார்ப்பீர்கள், தெரியும். எழுதமாட்டேன். காரணம் போகப் போகப் புரியும்.

நான் வேலை பார்த்த அச்சகம் மட்டாஞ்சேரியில் மிளகு மண்டிகளுக்கு நடுவே இருந்தது. வாசலில் நின்றால் தும்மல் வரும். தமிழிலும் மலையாளத்திலும் தினசரி காலண்டர் அடிப்போம். கொச்சியிலும் ஆலப்புழையிலும் கடை வைத்திருந்த தமிழ் வியாபாரிகள் தங்கள் பெயர் போட்டு வாங்கிப்போவார்கள். கிழமை, நட்சத்திரம், ராகுகாலம் எல்லாம் பஞ்சாங்கம் கணிப்பவர் கொடுத்துவிடுவார். தாளின் அடியில் ஒரு வரிக்கு இடம் மிஞ்சும். தமிழ்ப் பதிப்பில் அந்த இடத்தை நிரப்புவது புரூஃப் ரீடரான என் பொறுப்பு. பெரியவர்கள் சொன்ன வாசகம் என்றால் அதற்குக் கீழே பொடி எழுத்தில் அவர் பெயர் போகும். பழமொழி என்றால் பெயர் கிடையாது, அந்த இடம் காலியாக இருக்கும். அன்றைக்கு நான் கண்ட வித்தியாசம் அவ்வளவுதான். நீங்களும் அங்கேதான் நிற்கிறீர்கள்.

பொன்மொழியில் எனக்கு முதல் அடி விழுந்தது எழுபதுகளின் நடுவில். ஒரு பெரியவர் சொன்னதை இன்னொரு பெரியவர் பெயரில் போட்டுவிட்டேன். ஜனவரி இரண்டாவது வாரமே பள்ளி ஆசிரியர் ஒருவரிடமிருந்து நான்கு பக்கக் கடிதம் வந்தது. என் பரம்பரையில் படித்தவர் யாராவது உண்டா என்று கேட்டிருந்தார். மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அடுத்த வருடம் சரியான பெயரோடு போட்டேன். அவர் ஒரு நன்றிக் கார்டு அனுப்பினார். விஷயம் முடிந்தது. வாசகத்துக்கு உரியவர் என்று ஒருவர் இருந்ததால், தவறு எது, திருத்தம் எது, யாரிடம் மன்னிப்புக் கேட்பது எல்லாம் தெளிவாக இருந்தது. அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

பழமொழியில் வந்த தொல்லை வேறு மாதிரி. ஒரு செவ்வாய்க்கிழமைத் தாளில் பொறுமையைப் புகழும் பழமொழி ஒன்றைப் போட்டிருந்தேன். புதன்கிழமைத் தாளில், காத்திருப்பவன் ஏமாளி என்ற பொருளில் இன்னொன்று. இரண்டும் நல்ல பழமொழிகள்தான், இரண்டையும் ஒரே ஆள் ஒரே நாளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். புதன்கிழமை காலை வெல்ல வியாபாரி ஒருவர் ஃபோனில் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, நேத்து பொறுன்னு போட்டே. பொறுத்தேன். இன்னிக்குப் பொறுத்தவன் மடையன்னு போட்டிருக்கே. லாரி வாசல்ல நிக்குது. நான் இப்ப சரக்கை விக்கணுமா, வேண்டாமா?"

"அது சும்மா ஒரு பழமொழிங்க."

"சும்மாவா போட்டே?" என்று வைத்துவிட்டார். அச்சகத்தில் ஒரு மாதம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி என்று இப்போது தோன்றுகிறது. பழமொழி எல்லா நாளைக்கும் பொருந்துகிற சட்டம் கிடையாது. லாரி வாசலில் நிற்கும்போது, அந்த லாரியையும் அந்த மனிதரையும் தெரிந்த ஒருவர் சொல்லவேண்டிய சமாச்சாரம் அது. நான் லாரியையும் பார்க்கவில்லை, மனிதரையும் பார்க்கவில்லை.

அது எப்படிச் சொல்லப்பட வேண்டும் என்பதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். கம்பாசிட்டர் கோவிந்தன் ஒருநாள் ஒரு தாளுக்கான எழுத்தெல்லாம் சட்டத்தில் கோத்து முடித்த ஃபாரத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது வழுக்கிவிட்டான். நான்கு நாள் வேலை, ஈய எழுத்துகளாகத் தரை முழுக்கச் சிதறிப்போயிற்று. கோவிந்தன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்தில் ஒரு வாசகம் தொங்கியது, விழிப்போடு இருப்பதைப் பற்றி, பெரிய தலைவர் ஒருவர் சொன்னது. அதை யாரும் நிமிர்ந்து பார்த்தது கிடையாது. அன்றைக்கு மட்டும் முதலாளி அதைச் சுட்டிக் காட்டி, "இது எதுக்கு மாட்டி வச்சிருக்கு? கண்ணு தெரியில்லே?" என்று கத்தினார். கோவிந்தன் இன்னும் குனிந்தான்.

அப்போதுதான் மெஷின் அறையிலிருந்து சவரிமுத்து வந்தான். தூத்துக்குடிக் கடற்கரைக்காரன், மெஷின்மேன். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் வலது கால் சூம்பிப்போனது. நடந்தால் தோள் ஒரு பக்கமாகச் சாயும். மெஷினில் நின்றுவிட்டால் மட்டும் அவனை அசைக்க முடியாது. அவன் கோவிந்தனைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், முதலாளியைப் பார்த்தான். ஒரே ஒரு பழமொழி சொன்னான். கொஞ்சம் பச்சையானது. முதலாளி உட்பட எல்லாரும் வெடித்துச் சிரித்தோம். சவரி காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து எழுத்துப் பொறுக்க ஆரம்பித்தான், நாங்களும் உட்கார்ந்தோம். சாயங்காலத்துக்குள் முக்கால் பங்கு பொறுக்கியாகிவிட்டது.

எனக்கு அன்று பிடித்தது பைத்தியம். இந்த மாதிரிச் சொற்கள் தெருவெல்லாம் கொட்டிக் கிடக்கின்றன, நான் எதற்குப் பழைய புத்தகங்களைப் புரட்டிப் பொன்மொழி தேட வேண்டும்? சட்டைப் பையில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். மண்டியில், மீன் சந்தையில், பைண்டிங் மேஜையில், யார் எது சொன்னாலும் எழுதிவைப்பேன். சொல்லை எழுதினேன். யார், யாரைப் பார்த்து, எதற்காகச் சொன்னார் என்று ஒரு தடவைகூட எழுதவில்லை. என் தொழில் வாழ்க்கையிலேயே பெரிய தவறு அதுதான். அதை நான் ஒரு வருடம் முழுக்க, சந்தோஷமாக, சுறுசுறுப்பாகச் செய்தேன்.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, அச்சகத்துக்கு எதிரே சாயாக் கடையில் எங்கள் ஆட்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் போனபோது பேச்சு பாதியில் இருந்தது. ஒருவன் ஒரு பழமொழி சொன்னான். பெஞ்சு அதிரச் சிரித்தார்கள். கால் ஊனமானவன் தனக்கு எட்டாததற்கு ஆசைப்படுவதைக் கேலி செய்யும் பழமொழி. உங்களுக்கும் தெரிந்திருக்கும், உங்கள் பட்டியலிலும் இருக்கிறது. கச்சிதமான சொற்கட்டு. உடனே நோட்டை எடுத்தேன். எதற்குச் சிரித்தீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. சாயாவைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, சவரி தன் மாமாவை அழைத்துக்கொண்டு இடக்கொச்சிக்குப் பெண் கேட்கப் போயிருக்கிறான். பெண் எங்கள் பைண்டிங் பிரிவில் வேலை பார்த்த த்ரேசியா. நல்ல உயரம், கை வேகம், வாய் அதைவிட வேகம். அவளுக்குச் சம்மதம்தான். அப்பா இல்லாத வீடு, முடிவு சொல்லவேண்டியவர் அண்ணன். அவர் முகத்தை இறுக்கிக்கொண்டு, "கிறிஸ்துமஸ் கழியட்டே, அப்புறம் சொல்லாம்" என்று அனுப்பிவிட்டார். அந்தச் செய்திதான் திங்கட்கிழமை சாயாக் கடைக்கு வந்திருக்கிறது. அந்தச் சிரிப்பு சவரிக்கானது. எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருந்தேன் என்று சொல்வதுதான் சரி.

நவம்பரில் மார்ச் மாதத்து இரண்டாம் பாதி மெஷினுக்குப் போயிற்று. ஒரு தாளில் பதினாறு தேதிகள். எங்கள் வழக்கம் என்னவென்றால், மெஷினில் முதல் தாள் விழுந்ததும் மெஷின்மேன் அதைப் புரூஃப் ரீடரிடம் கொண்டுவருவார். நான் ஓரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் மிச்சம் ஓடும். சவரி எப்போதும் தாளை மேஜையில் வீசிவிட்டு ஏதாவது கிண்டல் செய்வான். அன்றைக்கு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான்.

"எல்லாம் சரிதானா சார்?"

"சரி, சவரி."

"இன்னொரு வாட்டி வாசிச்சிட்டுச் சொல்லுங்க."

"மூணு வாட்டி வாசிச்சாச்சுப்பா. ஒரு எழுத்து பிசகு இல்ல. ஓட்டு."

அவன் போகவில்லை. "அப்ப ஓட்டிரட்டுமா சார்?"

"என்ன இன்னிக்கு இத்தனை கேள்வி? வேலை மலையா கிடக்கு, ஓட்டு" என்று கையெழுத்தைப் போட்டு நீட்டினேன். அவன் முகத்தை நான் பார்க்கவே இல்லை. அடுத்த புரூஃபுக்குக் குனிந்துவிட்டேன்.

அவன் ஓட்டினான். ஆயிரக்கணக்கான தாள்கள், ஒவ்வொன்றையும் கையால் ஊட்டி எடுக்கவேண்டும். ஒரு தாளில்கூட மை தெளியாமல் இல்லை, ஒரு தாளில்கூடக் கறை இல்லை. அந்த வாரமே மாமாவிடம் சொல்லி இடக்கொச்சிக்கு ஆள் அனுப்பிவிட்டான், இனி அந்தப் பேச்சு வேண்டாம் என்று. அண்ணனுக்கு நிம்மதி. த்ரேசியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மெஷின் அறை வாசலில் போய் நின்று கேட்டிருக்கிறாள். சவரி தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில், சாயாக் கடையில் சிரித்தவர்களில் ஒருவனுக்கே மனம் உறுத்தியிருக்க வேண்டும், மார்ச் இருபத்தொன்றாம் தேதித் தாளை எடுத்துப் பார் என்று அவளிடம் சொல்லிவிட்டான்.

டிசம்பர் முதல் வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தேன். த்ரேசியா அந்தத் தாளோடு வந்து என் மேஜை முன்னால் நின்றாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. தேதி எண்ணைப் பார்த்துத்தான் தாளை அடுக்குவாள்.

"சாரே, இது ஒண்ணு வாசிச்சுத் தரணும். இந்த அடியிலே எந்தா எழுதியிருக்கு?"

வாங்கிப் பார்த்தேன். மூன்று தடவை புரூஃப் பார்த்த வரி. அவள் முகத்தைப் பார்த்தேன், வரியைப் பார்த்தேன், தலைக்குள் சாயாக் கடை, சிரிப்பு, சவரியின் இரண்டு கைகள் எல்லாம் ஒரே சமயத்தில் வந்து விழுந்தன. தப்பித்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"முயற்சி பண்ணா ஜெயிக்கலாம்னு எழுதியிருக்கு," என்றேன். "பெரியவர் ஒருத்தர் சொன்னது."

அவள் தாளைத் திருப்பி வாங்கி, அடிவரிக்குக் கீழே விரலை வைத்தாள்.

"பெரிய ஆளு சொன்னதுன்னா இங்கே ஒரு குட்டி வரி உண்டாகும். நான் எத்தர வருஷமா அடுக்குறேன். இதிலே இல்லல்லோ, சாரே."

தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவள் என் பொய்யைப் பிடித்துவிட்டாள். இனி வழி இல்லை. அந்த வரியை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். எட்டோ ஒன்பதோ சொற்கள்தான். அதை வாசித்து முடிக்க எனக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று. எத்தனையோ பொன்மொழிகளை எத்தனையோ பேரிடம் வாசித்திருக்கிறேன், யார் முகமும் மாறியதில்லை. அவள் முகம் மாறியது. அழுதாள் என்று நினைக்காதீர்கள். அவளுக்கு வந்தது கோபம்.

"ஆரு சொன்னது இது?"

"யாரும் சொன்னது இல்லம்மா. பழமொழி. எல்லாரும் சொல்றதுதான்."

"எல்லாரும்னு பறைஞ்சா? எல்லாரும் வந்து இங்கே எழுதிட்டுப் போனாங்களா?"

"நான்தான் போட்டேன்."

"அப்போ அடியிலே சாரோட பேரு போடு" என்றாள். தாளை என் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

சாப்பிடாமல் எழுந்து மெஷின் அறைக்குப் போனேன். சவரி மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஆரம்பித்து, உளறி, பாதியில் நின்றேன். அவன் துடைப்பதை நிறுத்தவில்லை.

"நீங்க என்ன சார் பண்ணுவீங்க? பழமொழிதான? ஊரு சொல்றது. ஊரு சும்மாவா சொல்லும்?"

கோபமே இல்லாமல் சொன்னான். அதுதான் என்னைக் கொன்றது. சாயாக் கடையில் யாரோ சொன்னது என்றால் அவன் போய்ச் சட்டையைப் பிடித்திருப்பான். அவனுக்கு அதற்குத் தெம்பு உண்டு. ஊர் சொல்கிறது என்றால் யார் சட்டையைப் பிடிப்பது? ஈயத்தில் தலைகீழாக இருந்ததை வாசித்து, ஆயிரக்கணக்கான தடவை கையால் ஊட்டி, அது உண்மை என்றே முடிவுக்கு வந்துவிட்டான். அதனால்தான் இடக்கொச்சிக்கு ஆள் அனுப்பியிருக்கிறான். இத்தனை நாள் நான் பார்த்த சவரி இவன் இல்லை.

த்ரேசியா கோபத்தில் சொன்னதுதான் வழி என்று எனக்கு அப்போது பட்டது. யோசித்துச் செய்தேன் என்று பெருமை அடிக்கமாட்டேன், வேறு ஒன்றும் தோன்றவில்லை. கம்போசிங் பிரிவுக்குப் போய், எழுத்துப் பெட்டியில் இருந்து என் பெயரை நானே பொறுக்கினேன். பொன்மொழிக்குப் பெயர் வைக்கும் அதே பொடி எழுத்து. அந்த ஃபாரத்தில் இருபத்தொன்றாம் தேதிக்குக் கீழே, வரியின் அடியில், என் பெயரை வைத்து முடுக்கி, கையால் மை தடவி ஒரே ஒரு தாள் எடுத்தேன். மை காயும் முன்னே கொண்டுபோய்ச் சவரியிடம் கொடுத்தேன்.

"ஊர் சொல்லல சவரி. சொன்னவன் பேரு இருக்கு, பாரு. இதை ஓட்டணும்."

வாங்கினான். வாசித்தான். இன்னொரு தடவை வாசித்தான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது.

"எவம்வே நீரு என்னயச் சொல்றதுக்கு?" என்றான். சார் போய்விட்டது. "எனக்கு எது எட்டும், எது எட்டாதுன்னு அளந்து பாத்தீரா? உக்காந்து உக்காந்து தேஞ்சுபோன ஆளு நீரு, ஒரு நாளு இந்த மெஷின்ல நின்னு பாத்திருக்கீரா?" அதற்குப் பிறகு அவன் சொன்னவற்றை அச்சில் போட முடியாது. என் அம்மா, என் கண்ணாடி, என் நோட்டு, ஒன்றையும் விடவில்லை. அறை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. கோவிந்தன் என்னை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தான். நான் அசையவில்லை. எனக்கு உள்ளே ஒரு நிம்மதி இருந்தது. கடைசியில் தாளை நான்காகக் கிழித்து என் காலடியில் போட்டான். "இத ஓட்ட மாட்டேன்."

"இதைத்தான் நீ ஏற்கெனவே ஓட்டியாச்சு."

"அப்ப எவன் சொன்னதுன்னு தெரியாது. இப்பத் தெரியும். ஓட்ட மாட்டேன்."

சத்தம் கேட்டு முதலாளி வந்துவிட்டார். கிறிஸ்துமஸுக்கு முன் ஆலப்புழைக்குச் சரக்கு போயாக வேண்டும். நான் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன், மார்ச் பின்பாதியைத் திரும்ப அடிக்கவேண்டும் என்றேன். "எடோ, அடிவரியை ஆரு வாசிக்கிறான்? ராகுகாலம் மாத்திரம் நோக்குவாங்க" என்று குதித்தார். தாள் வீண், நேரம் வீண், ஆட்கள் சிரிப்பார்கள். எல்லாம் சரிதான். எனக்கு இருந்த ஒரே பலம் என் கையெழுத்து. இதை மாற்றாமல் ஏப்ரல் தாளிலிருந்து டிசம்பர் தாள் வரை ஒன்றிலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். வேலை போனால் போகட்டும் என்று சொல்ல நான் ஒன்றும் வீரன் இல்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள். முதலாளி என்னைப் பார்த்தார், சவரியைப் பார்த்தார், வாசலில் நின்ற பைண்டிங் பெண்களைப் பார்த்தார். ஒருத்தியும் மேஜைக்குத் திரும்பவில்லை.

வெள்ளைத் தாள் அவ்வளவு இருப்பில் இல்லை. மஞ்சளடித்த பழைய தாள்தான் கிடைத்தது. அதில் அடித்தோம். அந்த வரியின் இடத்தில் யாருக்கும் உறைக்காத ஒரு பொன்மொழியைப் போட்டு, கீழே அதற்கு உரியவர் பெயரைப் போட்டேன். இந்தத் தடவை முதல் தாளைச் சவரி கொண்டுவரவில்லை, வேறு ஆளிடம் கொடுத்தனுப்பினான். அந்த வருடம் எங்கள் காலண்டரில் மார்ச் பின்பாதி மட்டும் மஞ்சளாக இருந்தது. அந்த நாட்களுக்கு ஏதாவது விசேஷம் உண்டா என்று இரண்டு வியாபாரிகள் கேட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சவரி மறுபடியும் இடக்கொச்சிக்குப் போனான். மாமாவைக் கூட்டிக்கொள்ளவில்லை. அங்கே நடந்ததைத் த்ரேசியா பைண்டிங் மேஜையில் எல்லாருக்கும் நடித்தே காட்டினாள், நான் இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். அண்ணன் இவனை உட்காரச் சொல்லிவிட்டு, பதில் சொல்வதற்குப் பதிலாக, மலையாளத்தில் ஒரு பழஞ்சொல்லை எடுத்திருக்கிறார். அதே ரகம். சவரி கையைக் காட்டி நிறுத்தியிருக்கிறான்.

"சேட்டா, இது நீங்க சொல்றதா, ஊரு சொல்றதா?"

"நாட்டாரு பறையுறது."

"அப்ப நாட்டாரு வரட்டும், அவங்ககிட்ட நான் பேசிக்கிடுதேன். நான் பொண்ணு கேட்டது உங்ககிட்ட. உங்களுக்கு என்ன குறை, அதச் சொல்லுங்க."

அண்ணன் மெல்ல, "எனிக்குப் பேடியாணு" என்றாராம். பயமாக இருக்கிறது. நாளைக்கு நீ விழுந்துவிட்டால் அவள் இரண்டு பேர் பாரத்தைச் சுமக்க வேண்டுமே, அப்பா கிடந்தபோது அம்மா சுமந்ததைப் பார்த்தவன் நான், என்றாராம். அது அவருடைய சொந்தப் பேச்சு. அதற்குப் பதில் சொல்ல முடியும். சவரி சொல்லியிருக்கிறான், ஒரு மணி நேரம். நடுவில் அடுக்களையிலிருந்து த்ரேசியா, "அது நான் நோக்கிக்கோளாம்" என்று, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று, ஒரு வரி சொல்லியிருக்கிறாள்.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். பொன்மொழிகளில் நான் ஒன்றையும் தொடவில்லை, பெயர்களை மட்டும் சரிபாருங்கள். அவை எல்லாருக்கும் சொல்லப்பட்டவை, அதனால் சுவரில் தொங்கினாலும் தாளில் இருந்தாலும் பெரிய கெடுதல் இல்லை, பெரிய நன்மையும் இல்லை. பழமொழிகளில் பதினேழுக்குச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன். விதவை, குருடர், கறுப்பு நிறம், பிள்ளை இல்லாதவள், ஒரு குறிப்பிட்ட சாதி என்று ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் நிற்கிறார். நம் முன்னோர் சொன்னது, நாம் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். அந்த ஆளை எதிரே நிறுத்தி, அவர் கண்ணைப் பார்த்து, உங்கள் வாயால் வாசித்துக் காட்டுங்கள். முடிந்தால் போடுங்கள். மிச்சமுள்ள பழமொழிகள் நல்லவை. ஆனாலும் தாளில் அவை பாதி உயிரோடுதான் இருக்கும். அதற்கு நீங்களோ நானோ ஒன்றும் செய்ய முடியாது.

ஈஸ்டர் கழிந்து சவரிக்கும் த்ரேசியாவுக்கும் கல்யாணம். பத்திரிகை எங்கள் அச்சகத்திலேயே அடித்தார்கள், ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மலையாளம். தமிழ்ப் பக்கத்துப் புரூஃப் என் மேஜைக்கு வந்தது. சவரிமுத்து, த்ரேசியா, கோயில் பெயர், நேரம் என்று எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அவர்கள் இரண்டு பேரும் தட்டில் வெற்றிலை பாக்கோடு அச்சகம் முழுக்கச் சுற்றி வந்து பத்திரிகை வைத்தார்கள். முதலாளிக்கு, கோவிந்தனுக்கு, சாயாக் கடையில் சிரித்தவர்களுக்கு, வாசல் காவலாளிக்கு. நான் எழுந்து சட்டையைச் சரி செய்துகொண்டு நின்றேன். என் மேஜைக்கு முன்னால் வந்ததும் த்ரேசியா ஒரு கணம் நின்று அவனைப் பார்த்தாள். சவரி நிற்காமல் அடுத்த மேஜைக்குப் போனான்.